எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் பத்துப் பொருத்தம்

கல்யாணம் என்றால் நம் பக்கத்தில் முதலில் ஜாதகத்தைத்தான் எடுப்பார்கள். தினப் பொருத்தம், கணப் பொருத்தம் என்று ஆரம்பித்துக் கடைசியில் ரஜ்ஜுவில் வந்து நிற்பார்கள். மற்றதில் ஒன்றிரண்டு குறைந்தால்கூட "பரவாயில்ல, பாத்துக்கலாம்" என்று சொல்லும் ஜோசியர், ரஜ்ஜு தட்டினால் மட்டும் ஜாதகத்தை மடித்துக் கையில் கொடுத்துவிடுவார். இதில் நம்பிக்கை வைப்பதும் வைக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் மெக்கானிக்கல் படிக்கும் நாம் பத்துப் பொருத்தமும் பார்த்தே தீரவேண்டிய ஒரு கல்யாணம் உண்டு. ஒரு காரின் எஞ்சினுக்கு வேறொரு காரின் கியர்பாக்ஸைக் கட்டிவைக்கும் கல்யாணம்தான் அது. அப்படி ஒன்றைப் பக்கத்தில் இருந்து நடத்திவைத்த அனுபவத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

இந்த மாதிரிக் கலப்புத் திருமணம் நம் நாட்டுக் கார்களுக்குப் புதிதில்லை. அம்பாசடர் காரை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் கார்தான் 1950களின் இறுதியில் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடராகப் பிறந்தது. 1489 சி.சி. எஞ்சினோடு பல வருஷம் ஓடிய அந்தக் காருக்கு 1990களின் தொடக்கத்தில் ஜப்பான் நாட்டு இசுசூவின் 1800 சி.சி. பெட்ரோல் எஞ்சின் வந்தது. கூடவே 5 ஸ்பீடு கியர்பாக்ஸும் வந்தது. பிரீமியர் கம்பெனி 1985-ல் கொண்டுவந்த 118 என்.இ. காரும் இதே கதைதான். உடம்பு இத்தாலியின் ஃபியட் 124, இதயம் ஜப்பானின் நிஸ்ஸான் 1171 சி.சி. எஞ்சின். அங்கேயும் கியர்பாக்ஸ் நிஸ்ஸானுடையதுதான்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிக்கவே இல்லை. ஜோடியாகவே கொண்டுவந்து பழைய வீட்டில் குடிவைத்தார்கள். அவர்களுக்கு அது முடியும், ஃபேக்டரி இருக்கிறது. பட்டறையில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. எஞ்சின் நல்லா இருக்கும், கியர்பாக்ஸ் போயிருக்கும். கிடைக்கிற கியர்பாக்ஸ் வேறு எஞ்சினுக்குப் பிறந்ததாக இருக்கும். ஃபேக்டரி தொடாமல் விட்ட கஷ்டமான வேலை பட்டறைக்குத்தான் வந்து சேரும்.

நாங்கள் பார்த்த வண்டியும் அப்படித்தான். பெரம்பலூரில் ரயில் கிடையாது என்பது வெளியூர் நண்பர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ரயில் ஏறவேண்டும் என்றால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போய் அரியலூர் ஸ்டேஷனில்தான் ஏறவேண்டும். அந்த வழியில் ஒருகாலத்தில் அம்பாசடர்கள் கொடிகட்டிப் பறந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு அந்த ரோட்டில் ஓர் அம்பாசடர் வந்தால் பையன்கள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். 2014 மே மாதம் உத்தர்பாரா ஃபேக்டரி நின்றதோடு புது அம்பாசடரும் நின்றுபோனது. வருஷம் போகப் போகப் பழைய கியர்பாக்ஸ் உதிரிபாகத்துக்கு அலைய வேண்டியதாகிவிட்டது.

அரியலூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர். சிமெண்ட் லோடு லாரியில் முப்பது வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு டீசல் அம்பாசடர். பழைய 1489 சி.சி. டீசல் எஞ்சின், மொத்தமே 37 குதிரைசக்தி. எஞ்சின் மணி அடித்த மாதிரி ஓடுகிறது. ஆனால் 4 ஸ்பீடு கியர்பாக்ஸின் கூடு விரிசல் விட்டு, உள்ளே பல்லும் கொட்டிவிட்டது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் இசுசூ அம்பாசடரின் பழைய 5 ஸ்பீடு கியர்பாக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். செலவு 25,000 ரூபாய். ரெண்டே மாசம். குடும்பத்தோடு சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி பிய்ந்துபோனது. எஞ்சின் ஓடுகிறது, சக்கரத்துக்குச் சக்தி இல்லை. நடு ரோட்டில் வண்டி நிற்க, பின்னால் வந்த லாரி ஒடித்துத் திருப்பியதால் பிழைத்தார்கள். பின் சீட்டில் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர்.

"மேஸ்திரி, லாரியில முப்பது வருஷம் ஓட்டிருக்கேன், அன்னைக்குத்தான் கை நடுங்குச்சு. ஒன்னு இதைச் சரியா செஞ்சு குடுங்க, இல்லைன்னா பழைய இரும்புக்குப் போடச் சொல்லுங்க. ரெண்டுல ஒன்னு" என்றார் பெரியவர்.

பெரம்பலூரில் நான் சாயங்காலம் போய் வேலை பழகும் பட்டறையின் மேஸ்திரி அண்ணன் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 1990களில் பெட்ரோல் ஜீப்பை டீசல் ஜீப்பாக மாற்றும் வேலை நடந்தபோது கையாளாகச் சேர்ந்தவர். ஓடுகிற எஞ்சின்மேல் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, அதன் பிடியில் காதை வைத்து எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லுவார். அவர் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தார். கிளட்ச் பிளேட்டின் ஹப் கிழிந்திருக்கிறது. ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் புஷ் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கிறது. "மட்டமான புஷ்ஷா இருக்கும் தம்பி, புதுசு போட்டாப் போதும்" என்றார் ஒரு பையன். மேஸ்திரி தலையை ஆட்டினார். "புஷ்ஷு அடி வாங்கிருக்கு. அடிச்சவன் யாருன்னு பாக்கணும்."

அடித்தவனைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ரெண்டாம் வருஷம் மெட்ராலஜியில் நாம் படித்த டயல் கேஜ் உதவியது. இனி ஒவ்வொரு பொருத்தமாகச் சொல்கிறேன்.

முதல் பொருத்தம் மையம். இதுதான் ரஜ்ஜு. எஞ்சின் கிராங்க் ஷாஃப்ட்டின் மையக்கோடும் கியர்பாக்ஸின் கிளட்ச் ஷாஃப்ட்டின் மையக்கோடும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரே கம்பெனி ஜோடியில் டவல் பின்கள் அதைப் பார்த்துக்கொள்ளும். வேறு வேறு கம்பெனி என்றால் போல்ட் துளைகள் ஒத்துவராது. அதனால் நடுவில் ஒரு இரும்புத் தகடு வைப்பார்கள். அதற்கு அடாப்டர் பிளேட் என்று பெயர். ஒரு பக்கம் எஞ்சினின் துளைகள், மறுபக்கம் கியர்பாக்ஸின் துளைகள். சம்பந்தம் பேசிவைக்கும் தரகர் மாதிரி. தரகர் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

பழைய தகட்டை எஞ்சினில் முடுக்கினோம். டயல் கேஜை ஃப்ளைவீலில் பொருத்தி, ஊசியைத் தகட்டின் நடுத்துளை விளிம்பில் வைத்து, எஞ்சினைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினோம். ஊசி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. மொத்த வித்தியாசம் 0.90 மில்லிமீட்டர்.

"அப்போ முக்கால் மில்லிக்கு மேல தள்ளியிருக்கு" என்றார் மேஸ்திரி.

"இல்லண்ணே, பாதிதான். 0.45."

"ஏன் பாதி?"

இந்தக் கேள்வியை வகுப்பில் சாரும் கேட்டிருக்கிறார். ஊசி சுற்றிவரும்போது மையம் விலகிய பக்கம் 0.45 கூடும், எதிர்ப் பக்கம் 0.45 குறையும். ரெண்டும் சேர்ந்து 0.90 காட்டும். தரையில் சாக்பீஸால் ரெண்டு வட்டம் போட்டுக் காட்டினேன். மேஸ்திரி கொஞ்ச நேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தனை வருஷமா சென்டர் தள்ளியிருக்குன்னு கை சொல்லும். எவ்வளவுன்னு கை சொன்னதில்ல" என்றார்.

0.45 மில்லிமீட்டர் என்பது ஒரு அட்டைத் துண்டின் கனம். அதுக்குப் போயா இவ்வளவு என்று கேட்கலாம். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 50 சுற்று. அதாவது கிளட்ச் பிளேட்டின் ஹப்பை ஒரு வினாடிக்கு 50 தடவை அங்கும் இங்கும் வளைக்கிறோம். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் என்ன ஆகும்? ஒடியும். ஹப்பும் அப்படித்தான் கிழிந்தது. புஷ்ஷும் அப்படித்தான் முட்டை ஆனது. வெளிநாட்டில் பந்தயக் கார் கட்டுபவர்கள் இந்த டயல் கேஜ் கணக்கில் மொத்தமே ஆயிரத்தில் 5 அங்குலம், அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே இருந்தது அதைப்போல ஏழு மடங்கு.

புதுத் தகடு செய்வது என்று முடிவானது. அரியலூரில் ஒரு லேத் பட்டறை. சிமெண்ட் லாரிகளுக்கு வேலை செய்து கை தேர்ந்த டர்னர். மையத்தைப் பிடிக்க ஒரு டம்மி ஷாஃப்ட் கடைந்தோம். அதன் ஒரு முனை கிராங்க் ஷாஃப்ட்டின் பைலட் துளையில் இறுக்கமாக உட்காரும். இன்னொரு முனை தகட்டின் நடுத்துளையில் அதே மாதிரி உட்காரும். ஆக, தகடு எஞ்சினில் எங்கே நிற்கவேண்டும் என்பதை டம்மி ஷாஃப்ட்டே சொல்லிவிடும். அது அங்கே நிற்கும்போதே டவல் துளைகளைப் போட்டுவிடலாம். அதே மாதிரி கியர்பாக்ஸ் பக்கத்துக்கும் அதன் முன் பேரிங் துளையை வைத்து இன்னொரு டம்மி. கண்ணால் மார்க் பண்ணிச் சென்டர் பஞ்ச் அடித்து டிரில் போடும் வேலை இதில் ஆகாது.

ரெண்டாவது பொருத்தம் தகட்டின் முகம். ரெண்டு பக்கமும் சமமாக, ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். இங்கே மேஸ்திரியின் அனுபவம் பேசியது. கேஸ் கட்டிங்கில் வெட்டிய தகட்டை லேத் சக்கில் இறுக்கிப் பிடித்துக் கடைந்தால், பிடியில் இருக்கும்வரை மட்டமாக இருக்கும். கழற்றியதும் வளையும். சூட்டில் வெட்டியபோது உள்ளே அடைபட்ட இழுவிசை அப்போதுதான் வெளியே வரும். "ஒரே மூச்சுல கடையாதீங்க. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க. ஒரு ராத்திரி சும்மா கிடக்கட்டும். காலையில கடைசிக் கட்டு போடுங்க" என்றார். நம் புத்தகத்தில் எஞ்சிய தகைவு என்று ஒரு பத்தி வருமே, அதைத்தான் அவர் இப்படிச் சொன்னார்.

மூன்றாவது பொருத்தம் ஆழம். தகட்டின் கனம் எவ்வளவு? இஷ்டத்துக்கு வைக்க முடியாது. கனம் கூடினால் கிளட்ச் ஷாஃப்ட்டின் மூக்கு பைலட் புஷ்ஷுக்குள் எட்டாது. கனம் குறைந்தால் மூக்கு கிராங்க் ஷாஃப்ட்டில் போய் முட்டி அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும், த்ரஸ்ட் வாஷர் தேயும். டெப்த் கேஜால் அளந்து கணக்குப் போட்டேன். மேஸ்திரி அதற்குமேல் ஒரு காரியம் செய்தார். ஒரு உருண்டைக் களிமண்ணைப் பைலட் துளையின் அடியில் வைத்து, கியர்பாக்ஸை ஏற்றி, இறக்கினார். களிமண்ணில் பதிந்த தடத்தின் கனத்தை நான் அளந்தேன். கணக்கில் வந்த இடைவெளியும் களிமண் காட்டிய இடைவெளியும் ஒன்றாக இருந்தபோது ரெண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

நான்காவது பைலட் புஷ். வெளி விட்டம் எஞ்சினுக்கு, உள் விட்டம் கியர்பாக்ஸுக்கு. கன்மெட்டலில் கடைந்தோம். ஐந்தாவது கிளட்ச் பிளேட். இதிலும் அதே ரெட்டை வேஷம்தான். உராயும் வளையம் எஞ்சினின் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்தவேண்டும். நடுவில் இருக்கும் ஸ்ப்ளைன் கியர்பாக்ஸுக்குப் பொருந்தவேண்டும். ஸ்ப்ளைனின் எண்ணிக்கை, வெளி விட்டம், அடி விட்டம் மூன்றையும் எழுதிக்கொண்டு கடை கடையாக ஏறினோம். எண்ணிக்கை ஒன்றாக இருந்து விட்டம் மாறும் பிளேட்டுகள் நிறைய உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கிவந்தால் காசு தண்டம்.

ஆறாவது ரிலீஸ் பேரிங். பழைய அம்பாசடரில் கார்பன் பேரிங், புதுக் கியர்பாக்ஸுக்கு உருளும் பேரிங். தகட்டின் கனத்தால் கியர்பாக்ஸ் பின்னால் தள்ளிப்போகும்போது, இந்தப் பேரிங்குக்கும் பிரஷர் பிளேட் விரலுக்கும் இடையே உள்ள தூரமும் மாறும். பெடலை மிதித்தால் கிளட்ச் முழுசாக விடவேண்டும், விட்டபிறகு கொஞ்சம் ஃப்ரீ பிளேயும் இருக்கவேண்டும். ஏழாவது ஸ்டார்ட்டர் மோட்டார். அது எஞ்சின் பக்கத்து உறவு. அதன் பினியன் ஃப்ளைவீல் ரிங்கைப் பிடிக்க, தகட்டில் அந்த இடத்தில் வழி வெட்டிவிட வேண்டும். மறந்தால் எல்லாம் முடுக்கியபிறகு மறுபடியும் இறக்கணும்.

எட்டாவது தாங்கி. கியர்பாக்ஸின் பின்பக்கத்தைத் தாங்க கிராஸ் மெம்பர் புதிதாகச் செய்தோம். ஸ்டியரிங்கோடு இருந்த கியர் லிவர் போய், தரையில் லிவர் வந்தது. அதற்கு நடு மேட்டில் ஓட்டை. இங்கே ஒரு எச்சரிக்கை. கியர்பாக்ஸை ஏற்றும்போது கிளட்ச் ஷாஃப்ட் உள்ளே போனதும் "அப்பாடா" என்று கையை விட்டுவிடக் கூடாது. அதன் முழுக் கனமும் கிளட்ச் ஹப்பில் தொங்கி, ஓடும் முன்னாலேயே அதை வளைத்துவிடும். எல்லாப் போல்ட்டும் ஏறும்வரை ஜாக்கி தாங்கியபடியே இருக்கவேண்டும்.

ஒன்பதாவது பிரொப்பல்லர் ஷாஃப்ட். கியர்பாக்ஸின் நீளம் மாறினால் இதன் நீளமும் மாறும். ஸ்பிரிங் ஏறி இறங்கும்போது ஸ்லிப் ஜாயின்ட் உள்ளே முட்டக் கூடாது, வெளியே கழன்றுவிடவும் கூடாது. ரெண்டு முனையிலும் உள்ள கிராஸின் கோணங்கள் சமமாக இருக்கவேண்டும், முள்கரண்டி போன்ற யோக் ரெண்டும் ஒரே திசையைப் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறைந்து வண்டியே அதிரும். வெட்டி ஒட்டிய ஷாஃப்ட்டைக் கட்டாயம் பேலன்ஸ் பார்க்க வேண்டும்.

பத்தாவது பொருத்தம் பல் கணக்கு. 75 குதிரைசக்தி எஞ்சினுக்குப் பிறந்த கியர்பாக்ஸுக்கு 37 குதிரைசக்தி ஒரு பாரமே இல்லை. ஆனால் 37 குதிரைசக்திக்கு அந்த ஐந்தாவது கியர் பாரமாகலாம். ஒரு கணக்குக்கு, பின் ஆக்ஸில் விகிதம் 4.5 என்றும் டயர் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். டாப் கியரில் எஞ்சின் 3000 சுற்றில் வண்டி மணிக்கு 80 கிலோமீட்டர். ஐந்தாவது கியர் விகிதம் 0.85 என்றால் அதே 80-ஐ 2550 சுற்றிலேயே தொட்டுவிடலாம். இங்கிருந்து திருச்சி சுமார் 55 கிலோமீட்டர். போய்ச் சேருவதற்குள் எஞ்சினுக்கு ஏறக்குறைய 18,500 சுற்று மிச்சம். ஆனால் மேட்டிலும் ஐந்து பேர் ஏறிய பாரத்திலும் அந்த கியர் இழுக்காது. "ஐயா, அஞ்சாவது கியர் வேகமாப் போறதுக்கு இல்ல. எஞ்சினுக்கு ஓய்வு குடுக்கறதுக்கு" என்று பெரியவரிடம் சொன்னபோது, "முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் கிட்டயா சொல்ற?" என்று சிரித்தார்.

எல்லாம் முடித்து டயல் கேஜை மறுபடி வைத்தபோது ஊசி காட்டியது 0.08. வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, பட்டறைக்குள்ளேயே ஐந்து கியரிலும் ஓட்டினோம். பழைய பெட்டியில் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது, வண்டி நின்றால்தான் நிம்மதியாக விழும். இது வெண்ணெயில் கத்தி போல விழுந்தது. மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரை பெல் ஹவுசிங்கில் வைத்துக் காதைக் கொடுத்தார். ரொம்ப நேரம் கேட்டார். "சத்தம் இல்ல" என்றார். அவரிடம் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

பத்துப் பொருத்தம் முடிந்தது. பதினொன்றாவது ஒன்று உண்டு. அது சட்டம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. இங்கே எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் மாறவில்லை. ஆர்.சி.யில் கியர்பாக்ஸுக்குத் தனிக் கட்டமும் இல்லை. ஆனால் அதை வைத்து நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ள முடியுமா? தரையில் ஓட்டை போட்டிருக்கிறோம், ஷாஃப்ட்டை வெட்டியிருக்கிறோம். நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

"எழுத்துல எதுக்கு தம்பி? கேட்டா முடியாதும்பாங்க. கேக்காம ஓட்டுறவன் ஆயிரம் பேரு" என்றார்கள் பட்டறையில். பெரியவர் மட்டும் ஒரே வார்த்தை சொன்னார்: "பேரப்பிள்ளைங்க ஏறுற வண்டி. கேட்டுட்டே ஓட்டறேன்."

அதனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினோம். என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று விவரமாக எழுதி, அடாப்டர் தகட்டின் படத்தையும் இணைத்தோம். முகப்புத் தோற்றம், வெட்டுத் தோற்றம், ஒவ்வொரு துளையின் அளவு, டாலரன்ஸ் எல்லாம் போட்டு மெஷின் டிராயிங் வகுப்பில் போடுவதுபோலவே போட்டேன். பதில் வரும்வரை வண்டி ரோட்டுக்கு வராது. வாரத்துக்கு ஒருமுறை பெரியவர் வந்து, ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐந்து கியரும் போட்டுப் பார்த்துவிட்டு, அரியலூருக்குப் பஸ் ஏறிப் போகிறார்.

அந்தப் படத்தின் மூலையில் நாம் வழக்கமாகப் போடும் கட்டம் உண்டல்லவா? வரைந்தவர், செய்தவர், சரிபார்த்தவர் என்று. "செய்தவர்" என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். மேஸ்திரி கையை வேஷ்டியில் ரெண்டு தடவை துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் எத்தனையோ வண்டிக்கு வேலை செய்திருக்கிறார், எதிலும் அவர் பெயர் எழுதியதில்லை. கையெழுத்துப் போட்டபிறகு, "இனிமே இது தப்பா இருந்தா என்னைத்தான கேப்பாங்க?" என்றார். "ஆமாண்ணே" என்றேன். "அதான் சரி" என்றார்.

நண்பர்களே, டிப்ளமோ முடித்தவனுக்கும் பட்டறையில் பழகியவனுக்கும் என்ன வித்தியாசம் என்று நம்மை வெளியில் கேட்கிறார்கள். அவன் கை நம்மைவிட நன்றாகவே வேலை செய்யும், அதில் நமக்குக் கூச்சம் வேண்டாம். கைக்குத் தெரிந்ததை எண்ணாக மாற்றி, எண்ணைப் படமாக மாற்றி, அடுத்தவர் சரிபார்க்கும்படி வைப்பதுதான் நம் வேலை. அந்தத் தகட்டைச் செய்த வெளியூர்ப் பட்டறைக்காரருக்கும் கை வராமல் இல்லை. அவர் தப்பை யாரும் அளந்து பார்க்கும்படி ஒரு படம் இல்லை, ஓர் எண் இல்லை. அது ரோட்டில் போய்த்தான் தெரியவந்தது.

பழைய அம்பாசடர் வேலை இனி எதற்கு என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். இங்கிலாந்தில் எம்.ஜி.பி. என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு, நம் பழைய அம்பாசடர் எஞ்சினின் சொந்தக்கார எஞ்சின்தான். அதில் ஃபோர்டு சியராவின் 5 ஸ்பீடு கியர்பாக்ஸைப் பொருத்த பெல் ஹவுசிங், கிளட்ச் பிளேட், பைலட் புஷ் எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்கள். பெட்ரோல் காரை எலக்ட்ரிக் காராக மாற்றுபவர்களும் பல நேரம் பழைய கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, மோட்டாரை ஒரு அடாப்டர் தகட்டால்தான் அதோடு இணைக்கிறார்கள். அந்த மாதிரி கிட்டுகளுக்கு நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 123 என்ற தர விதிமுறையே இருக்கிறது. மாப்பிள்ளை மாறினாலும் ரஜ்ஜு மாறவில்லை. மோட்டாரின் மையமும் கியர்பாக்ஸின் மையமும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பழைய தகட்டை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிவந்து நம் மெட்ராலஜி லேபில் சார் அனுமதியோடு வைத்திருக்கிறேன், ஜன்னல் ஓர மேஜையில், எண்ணெய் தடவிய துணிக்கு அடியில். ரெண்டாம் வருஷத் தம்பிகள், தங்கைகள் எடுத்து, நடுத்துளையின் மையத்துக்கும் டவல் துளைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். விலகல் 0.45 வரவேண்டும். அளந்ததை ரெக்கார்டு நோட்டில் எழுதுங்கள், கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள்.

— இறுதியாண்டு மாணவர்,
இயந்திரவியல் துறை